மூன்று சக்கரமும் வண்டிதான்

அன்றைக்குக் காலையில் தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே நின்ற ஆட்டோக்களில் ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் மாடும் இல்லை, மறித்துக்கொண்டு பஸ்ஸும் இல்லை. பிரதாப் மடியில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஹோர்னை அமுக்கிக்கொண்டே இருந்தான். பக்கத்து ஆட்டோக்காரர் இராமையா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஹோர்ன் சிக்கிக்கிச்சா?"

"இல்லண்ணே. செவப்புக் கோடெல்லாம் போயிருச்சி."

இராமையா திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையில் கலர் கலராய் இங்கிலீஷ் எழுத்து. எந்தக் கோடு, எங்கே இருந்தது, ஏன் போனது, ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயத்தை முதலில் இருந்து சொன்னால்தான் சரி. பிரதாப் ஆட்டோ ஓட்டுகிறவன். ஹயர், அதாவது சவாரி, இல்லாத நேரத்தில் கொம்பியூட்டர் விளையாட்டு செய்கிறவன். விளையாடுகிறவன் இல்லை, செய்கிறவன். இந்த வித்தியாசத்தை மாமியாருக்கு விளங்கப்படுத்தப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான். அவனும் மனைவி பிரியந்தியும் சேர்ந்து ஓர் ஆட்டோ விளையாட்டு செய்து வந்தார்கள். அவள் படம் வரைவாள், இவன் அதை ஓடவைப்பான். தலவாக்கலையில் இருந்து அவர்கள் இருக்கிற தேயிலைத் தோட்டம் வரைக்கும் போகிற அதே ரோடு, அதே குழிகள், பாலத்தின் நடுவில் நின்று கதைத்துவிட்டு ஹோர்ன் அடித்தால் முறைக்கிற அதே ஆட்கள்.

இப்படி ஒன்றை வெறுங்கையால் செய்துவிட முடியாது. அடியில் ஓர் எஞ்சின் வேண்டும். சக்கரம் எப்படி உருளும், வண்டி எந்தப் பக்கம் சாயும், வெளிச்சம் எங்கே விழும் என்று எல்லாவற்றையும் கணக்குப் பண்ணித் தருகிற மென்பொருள் அது. பிரதாப் எடுத்தது லாந்தர் என்கிற எஞ்சின். அது எல்லோருக்கும் சொந்தம். அதன் கோட் முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தி அனுப்பலாம். நல்ல எஞ்சின்தான், சும்மா குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு கோளாறு. ஆட்டோவை வைத்தால் கவிழ்ந்துவிடும்.

கவிழும் என்றால் ஒழுங்காகவும் கவிழாது. முதலில் வலது பக்கம் சரியும், பிறகு மூக்கைத் தரையில் குத்தும், பிறகு ஏதோ கோபம் வந்த மாதிரி சுழன்றுகொண்டே ஆகாயத்துக்குப் போய்விடும். முதல் தடவை பார்த்தபோது பிரியந்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பிரதாப் விடவில்லை. எஞ்சினின் கோட் முழுவதையும் தோண்டித் துருவிக் காரணத்தைக் கண்டுபிடித்தான். லாந்தர் சக்கரங்களை ஜோடி ஜோடியாகத்தான் எண்ணும். இடது ஒன்று என்றால் வலது ஒன்று. பின்னால் இரண்டு, சரி. முன்னால் இருக்கிற ஒற்றைச் சக்கரத்தை அது இடது சக்கரம் என்று எடுத்துக்கொண்டு, வலது எங்கே, வலது எங்கே என்று தேடும். கிடைக்காது. அந்த மூலையில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டி வண்டியைக் கீழே போட்டுவிடும். நட்ட நடுவில் இருக்கிற சக்கரம் தனக்குத்தானே ஜோடி என்று நாலைந்து வரி எழுதிச் சேர்த்து, லாந்தர்க்காரர்களுக்கு அனுப்பி வைத்தான்.

அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் ஹெல்கா என்றொரு பெண். எங்கேயோ குளிர் நாட்டுக்காரி. அவளிடம் இருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது. இன்னொருவர் இதைவிடச் சுலபமான வழி சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தாள். மூன்று சக்கரத்தில் யாரும் வண்டி செய்யப்போவதில்லை, ஆகவே நான்குக்குக் குறைந்தால் "வண்டிக்குக் குறைந்தது நான்கு சக்கரம் வேண்டும்" என்று எஞ்சின் சொல்லிவிட்டால் போதும் என்பது அந்த மகானுடைய யோசனை. புதிய பதிப்புக்கு வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் மாலை ஐந்து மணியோடு கதவு மூடுகிறோம். அதற்குள் உங்கள் திருத்தத்தோடு எஞ்சினை உங்கள் கணினியிலேயே கட்டி, அதில் ஓர் ஆட்டோவை ஓட்டி, வீடியோ எடுத்து அனுப்பினால் உங்களுடையது சேரும். இல்லாவிட்டால் அவருடையது என்று முடித்திருந்தாள்.

பிரதாப் அதை ஸ்டாண்டில், தன்னுடைய ஆட்டோவுக்குள் உட்கார்ந்துதான் வாசித்தான். லேசில் கோபப்படுகிற ஆள் இல்லை. ஹயர் பேசிவிட்டு இறங்கி ஓடுகிறவனைக்கூட, பாவம், அவசரம் என்று விட்டுவிடுகிறவன். ஆனால் வண்டிக்குக் குறைந்தது நான்கு சக்கரமாம். தலையைத் தூக்கிப் பார்த்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக நின்றன ஆட்டோக்கள். அப்படியென்றால் இதெல்லாம் என்ன, கோழிக்கூடா? அவனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. எப்பாடு பட்டாவது வெள்ளிக்கிழமைக்குள் கட்டி அனுப்புவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கோட் எடிட்டரோடு கழிந்தன. கோட் எடிட்டர் என்றால் கோட் எழுதுகிற இடம், வேறென்ன என்றுதான் அவனும் நினைத்திருந்தான். இறக்கினான், திறந்தான், லாந்தரின் கோட் முழுவதையும் அதற்குள் போட்டான். பார்த்தால் வரிக்கு வரி அடியில் நெளிநெளியாய்ச் சிவப்புக் கோடு. அவன் எழுதிய வரிகளில் மட்டும் என்றால் சரி, பிழை விட்டிருக்கலாம். உலகம் பூராவும் பெரிய பெரிய ஆட்கள் எழுதிய வரிகளிலும் சிவப்பு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எடிட்டருக்குத் தெரியாது, அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் பிழை பிழை என்று கத்திக்கொண்டிருந்தது. எழுதிய கோட் வரிகளை ஓடுகிற மென்பொருளாக மாற்றித் தருகிற கம்பைலரை இறக்கி வைத்தான். அதற்கு இன்னொன்று வேண்டுமாம். அந்த இன்னொன்றுக்கு வேறொன்று வேண்டுமாம். தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது தண்ணீர்த் தாங்கி மேட்டில்தான். ஆகவே ஒவ்வொன்றையும் இறக்க மேட்டுக்கு ஏறினான், பொருத்த லயத்து வீட்டுக்கு இறங்கினான், பொருத்தமில்லை என்று மறுபடியும் ஏறினான். வழியில் பார்த்தவர்கள் தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சீரில் ஒரு கூத்தும் அடித்தான். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது, எஞ்சின் வெற்றிகரமாகக் கட்டி முடிந்தால் எடிட்டர் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு பண்ண உட்கார்ந்துவிட்டான். அதுவும் ஏதோ ஒரு ஹோர்ன் இல்லை, அவனுடைய ஆட்டோ ஹோர்னே வேண்டும். அது ராகம் போட்டு ஊதுகிற ஹோர்ன். சத்தம் கேட்டால் பிரதாப் வருகிறான் என்று தோட்டத்து நாய்களுக்கும் தெரியும். போனில் பதிவு செய்து, எடிட்டரில் கோத்து, சரிபார்க்க அரை நாள் போய்விட்டது.

"இது இப்ப அவசியமாங்க?" என்று பிரியந்தி கேட்டாள்.

"இதுதான் புள்ள அவசியம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில், ஸ்டாண்டில் வைத்து, கடைசியாக ஒரு கோப்பு இருக்கிற பாதையைத் திருத்தி எழுதியபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் மறைந்தன. மழை விட்ட வானம் மாதிரி திரை சுத்தமாகிவிட்டது. இராமையா கேட்ட ஹோர்ன் அதற்காக அடித்ததுதான். பிரதாப் கண்ணை ஒற்றிக்கொண்டு, கட்டு என்ற கட்டளையைக் கொடுத்தான். எஞ்சின் கட்டத் தொடங்கியது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பன்னிரண்டாவதில் லெப்டொப் படக்கென்று அணைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தான். ரொட்டி சுடலாம், அவ்வளவு சூடு.

ஓட்டமாய் ஓடினான் பஸ்லானிடம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிறவன், பிரதாப்பின் கூட்டாளி, அந்த லெப்டொப்பை அவன் தலையில் கட்டினவனும் அவன்தான். பஸ்லான் அடிப்பக்கத்தைக் கழற்றினான், ஊதினான், காதை வைத்துக் கேட்டான்.

"மச்சான், உள்ளுக்கு இருக்கிற ஃபேன் செத்துப்போச்சு. கொழும்புல சொன்னா திங்கக்கெழம வரும்."

"திங்கக்கெழம வந்து என்னத்துக்குடா? இன்னிக்கி அஞ்சு மணிக்கு வேணும்."

பஸ்லான் கடையின் மேசை விசிறியை லெப்டொப்புக்கு நேராகத் திருப்பி வைத்தான். கட்டி முடிந்த பகுதிகள் அழிந்துபோவதில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்பது ஒரு நல்ல காலம். நூற்றுக்கு முப்பது வரை போய் மறுபடியும் அணைந்தது. பஸ்லான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு, கடைய மூடணும். ஒண்ணு சொல்றேன் மச்சான், மேலால அடிக்கிற காத்து சரிவராது. அடியில இருந்து வரணும். நல்லா, பலமா, குளிரா வரணும். அப்பிடிக் காத்து எங்கயாவது இருந்தா வச்சிப் பாரு. நான் துஆ கேக்கிறேன்."

அடியில் இருந்து பலமாகக் குளிர்காற்று வருகிற இடத்துக்குப் பிரதாப் எங்கே போவான்? பள்ளிக்கூடம் விடும் நேரமும் வந்துவிட்டது. அது நாளாந்த ஹயர், எஞ்சின் எரிந்தாலும் விட முடியாது. பிள்ளைகளை ஏற்றினான், லெப்டொப்பையும் அவர்கள் மடியில் ஏற்றினான். வண்டி ஓடும்போது வருகிற காற்றில் இன்னும் கொஞ்சம் கட்டலாம் என்பது அவன் கணக்கு. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் அழகுமுத்து ஐயாவின் மகள், ரெட்டைச் சடைக்காரி, அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் கொப்பியை வெளியே எடுத்து விசிறத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது என்று ஒரு குரல் கத்தும், நாற்பத்தொன்று என்று வண்டியே கத்தும். இறக்கத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்தது, ஐம்பத்தைந்து. ஏற்றத்தில் வண்டி திணற, காற்றும் நின்றது, லெப்டொப்பும் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் கையை உதறிக்கொண்டு அவரவர் லயத்தில் இறங்கிப் போனார்கள்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, ரோட்டோரத்தில் நிறுத்தி, ஹேண்டிலில் தலையை வைத்துக்கொண்டான். மனது விட்டுப்போயிற்று. அப்போது பிரியந்தியிடம் இருந்து போன் வந்தது. அவள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில்தான் போனைத் தொட முடியும். பிரதாப் நடந்ததைச் சொன்னான். அடியில் இருந்து குளிர்காற்று வேண்டுமாம் என்று பஸ்லான் சொன்னதையும் சொன்னான்.

"பிரியந்தி? இருக்கியா?"

"ஏங்க" என்றாள். "நான் எங்கங்க வேலை செய்யிறேன்?"

பிரதாப்புக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தொழிற்சாலையின் மேல்மாடி கொழுந்து வாட்டுகிற இடம். ஆட்கள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம் போல நீள நீளமான தொட்டிகள் இருக்கும். தொட்டியில் கம்பி வலை, வலைக்கு மேல் கொழுந்து, தொட்டியின் தலைமாட்டில் ஆள் உயர விசிறி ஒன்று மலைக்காற்றை இழுத்து வலைக்கு அடியால் ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில்தான் கொழுந்து வாடும். பிரியந்தி நாள் முழுவதும் அந்த வலைமேல் கொழுந்தை விரிக்கிறவள். உலகத்தில் லெப்டொப் குளிரவைக்க இதைவிடப் பெரிய இடம் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். ஆட்டோ அந்த ஏற்றத்தைப் பறந்து ஏறியது.

பின்படியால் மேல்மாடிக்கு வந்தவனைப் பிரியந்தியோடு வேலை செய்கிற காளியாயி அக்கா வாசலிலேயே மறித்தாள். "செருப்பக் கழட்டு. தலைக்கித் தொப்பி போடு. சாப்பாட்டுச் சாமான் உள்ள எடம்" என்று ஒரு வெள்ளைத் துணித் தொப்பியை அவன் தலையில் அமுக்கினாள். பிரியந்தி லெப்டொப்பை நன்றாகத் துடைத்து, பின்னேரக் கொழுந்துக்காகக் காலியாக விட்டிருந்த கடைக்கோடித் தொட்டியில் வலைமேல் வைத்து, விசிறியைப் போட்டாள். அடியில் இருந்து காற்று குபுகுபுவென்று வந்தது. பிரதாப் சத்தத்தை முழுவதுமாகக் கூட்டிவைத்தான், ஏனென்றால் விசிறிகளின் இரைச்சலில் ஹோர்ன் கேட்க வேண்டுமே.

அறுபது. எழுபது. லெப்டொப்பைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. எண்பது. பிரதாப்புக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிரியந்தி கொழுந்து விரிப்பதும் ஓடி வந்து பார்ப்பதுமாக இருந்தாள். தொண்ணூறு என்று வந்தபோது இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். கலியாண வீட்டில்கூட அவர்கள் அப்படிக் குதித்ததில்லை.

"ஐயா வாறாரு" என்றாள் காளியாயி அக்கா.

டீமேக்கர் அந்த நேரத்தில் மேலே வருகிறவர் இல்லை. ஆனால் வந்துவிட்டார், படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. லெப்டொப்பைத் தூக்கினால் வயரோடு அகப்பட வேண்டும். காளியாயி அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் ஷீட்டை லெப்டொப்பின்மேல் விரித்தாள், ஒரு மூட்டைக் கொழுந்தை அதன்மேல் கவிழ்த்தாள், ஒன்றும் தெரியாதவள் போலக் கையால் பரவிவிட்டாள். பிரதாப் விசிறிக்குப் பின்னால் குந்தினான். காற்று சட்டைக்குள் புகுந்து அவனை ஊதிப் பெருக்கியது.

அழகுமுத்து ஐயா தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கோடித் தொட்டியில் நின்றார்.

"இது காலியாத்தானே இருக்கணும்?"

"கொஞ்சம் மிச்சக் கொழுந்துங்கய்யா" என்றாள் பிரியந்தி.

அவர் ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி, உருட்டி இறுக்கிப் பிடித்து, விரித்துப் பார்த்தார். "நல்ல ஈரமா இருக்கே. இப்பிடி விட்டா எப்ப வாடும்? சூட்டுக் காத்தத் தொறந்துவிடு." சொல்லிவிட்டு, தானே போய்ச் சூட்டுக்காற்றுக் கதவின் பிடியில் கையை வைத்தார். விசிறிக்குப் பின்னால் பிரதாப் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வந்தது வந்துவிட்டது, இனி எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தான்.

அப்போது கொழுந்து ஹோர்ன் அடித்தது.

ராகம் போட்டு, நீட்டி, மாடி முழுவதும் எதிரொலிக்க அடித்தது. அழகுமுத்து ஐயா பிடியை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். ரோட்டில் நடந்து பழகிய உடம்பு, தானாகவே ஒதுங்கியது. பிறகு படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார், ஆட்டோ மேல்மாடிக்கு ஏறி வந்துவிட்டதா என்று.

"இது பிரதாப்போட ஹோர்னுல்ல?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்று விசிறிக்குப் பின்னால் இருந்து பிரதாப் எழுந்து நின்றான். தொப்பியும், பலூன் சட்டையும், காது வரைக்கும் சிரிப்பும். பயப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹோர்ன் அடித்துவிட்டதே, எஞ்சின் கட்டி முடிந்துவிட்டதே.

பிரியந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அழகுமுத்து ஐயாவுக்கு முகம் சிவந்துபோனது.

"கொழுந்துக்குள்ள கொம்பியூட்டரா? மனுசன் குடிக்கிற சாமான்மா இது. அந்த மூட்டைய அப்பிடியே கழிச்சி வையி. ஒரு எல உள்ள போகக் கூடாது." பிறகு பிரதாப்பிடம் திரும்பினார். "அப்பிடி என்னப்பா தல போற அவசரம்?"

பிரதாப் சொன்னான். எஞ்சினைப் பற்றி, ஐந்து மணியைப் பற்றி, அந்த நான்கு சக்கரக் கட்டளையைப் பற்றி. அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்கி கொறஞ்சது நாலு சக்கரம் வேணுமா? யாரு சொன்னது?"

"வெளிநாட்டுல ஒருத்தருங்கய்யா."

"நான் என் கலியாணத்துக்கே ஆட்டோவுலதான் வந்து எறங்குனேன்" என்றார் அழகுமுத்து ஐயா. "பாப்பாவ ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்தது ஆட்டோவுல. அதெல்லாம் வண்டி இல்லாம என்னவாம்?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி தாண்டிருச்சி. எடுத்து மேசையில வையி. ஓட்டிக் காட்டு பாப்போம்."

லெப்டொப்பை வெளியே எடுத்து, கணக்கு எழுதுகிற மேசையில் வைத்தார்கள். நாலு தலை அதைச் சூழ்ந்துகொண்டது. பிரியந்தி வரைந்த ரோட்டில் சென்கிளேயர் வளைவு, அருவி, தேயிலை மலை, நடுவில் பிரதாப்பின் பச்சை ஆட்டோ. பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்து ஆட்டோ அது. வெறும் வண்டியை ஓட்டிக் காட்டி என்ன பெருமை என்று, பின் சீட்டிலும் அதன் பின்னாலும் டிரைவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினொரு பிள்ளைகளை பிரியந்தி வரைந்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்துப் பிரதாப் பாரம் போட்டிருந்தான். ஓடு என்ற பட்டனை அமுக்கினான்.

ஆட்டோ வலது பக்கம் சரிந்தது, மூக்கைக் குத்தியது, சுழன்றுகொண்டே ஆகாயத்துக்குப் போனது.

விசிறிகள் மட்டும் இரைந்தன. இத்தனை நாள் ஏறி இறங்கியதெல்லாம் வீண், அந்த மகான் சொன்னதே சரியாகிவிட்டது, இனி உலகத்தில் யார் இந்த எஞ்சினைத் திறந்து ஆட்டோ வைத்தாலும் இது வண்டி இல்லை என்று திரையில் எழுதிக் காட்டும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிரியந்தி அவன் தோளில் கையை வைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடுவதற்காக அந்தச் சாளரத்தின் மூலைக்குக் கையைக் கொண்டுபோனபோதுதான் பார்த்தான். மேலே சின்ன எழுத்தில் எஞ்சினின் பதிப்பு எண் இருந்தது. பழைய எண்.

"ஐயோ" என்றான். "மடையன், மடையன்."

"என்னாங்க?"

ஓடு என்ற பட்டனை அமுக்கினால் எந்த எஞ்சினை ஓட்டுவது என்று எடிட்டருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். முதல் நாள் புது எஞ்சின் ஏது? ஏற்கெனவே கணினியில் இருந்த பழையதைத்தான் காட்டிக் கொடுத்திருந்தான். புது எஞ்சின் கட்டி முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது, இவன் பழையதைத் தட்டி எழுப்பி ஓட்டியிருக்கிறான். ஹோர்னுக்கு அரை நாள் செலவழித்தவன் இதை மாற்ற மறந்துபோனான். எடிட்டரின் அமைப்பைத் திறந்தான், ஒரு வரியில் பாதையை மாற்றினான், மறுபடியும் அமுக்கினான்.

ஆட்டோ நின்றது.

சும்மா நின்றது, மூன்று சக்கரத்தில், எத்தனையோ வருஷமாக நிற்கிற மாதிரி. பிறகு புறப்பட்டது. குழியில் இறங்கி ஏறியது, பிள்ளைகள் குலுங்கினார்கள். வளைவில் லேசாகச் சாய்ந்து, ஐயோ என்று காளியாயி அக்கா நெஞ்சில் கை வைப்பதற்குள் நிமிர்ந்து, அருவியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பிரியந்தி பிரதாப்பின் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தாள். காளியாயி அக்கா குலவை போட்டாள். அழகுமுத்து ஐயா திரைக்குள் மூக்கை விட்டுக்கொண்டார்.

"ரெட்டைச் சடை போட்டு முன்னுக்கு உக்காந்திருக்கிறது நம்ம பாப்பாதானே?"

"ஆமாங்கய்யா" என்றாள் பிரியந்தி.

"அது எப்பவும் முன்னுக்குத்தான் உக்காரும்" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

வீடியோ எடுத்தாயிற்று. மாடியின் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் சிக்னல். காளியாயி அக்கா போனை வெளியே நீட்டிப் பிடித்தாள், அவள் கை சோர்ந்ததும் அழகுமுத்து ஐயாவே வாங்கிப் பிடித்தார். பனிமூட்டம் அவர் சட்டைக் கையை நனைத்தது, அவர் அசையவில்லை. வீடியோ எறும்பு போல ஊர்ந்து ஏறியது. ஐந்துக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும்போது, போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஹெல்காவின் பதில் வந்தபோது பிரதாப் முதலில் மனதுக்குள் வாசித்தான். அவன் முகத்தைப் பார்த்தே பிரியந்தி தெரிந்துகொண்டாள், இருந்தாலும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தான்.

"உங்களுடையதைச் சேர்த்துவிட்டேன். நான்கு சக்கரக் கட்டளை வராது. மூன்று சக்கரமும் வண்டிதான். வாழ்த்துகள்."

"அப்பிடிச் சொல்லு" என்றார் அழகுமுத்து ஐயா. நனைந்த கையாலேயே பிரதாப்பின் முதுகில் ஒன்று போட்டார்.

"இன்னும் ஒரு வரி இருக்குங்கய்யா. ஒரு சின்னக் கேள்வியாம்." பிரதாப் மறுபடியும் வாசித்தான். "இது மூன்று பேர் போகிற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோவில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் ஏதாவது தவறு நேர்ந்துவிட்டதா?"

"பதினொண்ணா?" என்று காளியாயி அக்கா திரைக்குக் கிட்டப் போய் விரல் வைத்து எண்ணினாள். அவளுடைய பேத்தியும் அந்த ஆட்டோவில் போகிறவள்தான். "ஆமா, பதினொண்ணுதான் இருக்கு. பன்னெண்டுல்ல வரணும்?"

பிரியந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் வரஞ்ச அன்னிக்கி ஒரு புள்ள லீவு, அக்கா."

பிரதாப் கீபோர்டை இழுத்து வைத்து ஹெல்காவுக்குப் பதில் அடித்தான். தவறுதான், மன்னிக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. அடுத்த வீடியோவில் சரியாகப் பன்னிரண்டு பேரையும் ஏற்றிவிடுகிறேன்.